பாப்பாவை அளந்த கதை

பாய்லர்காரர் பெண் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனை மூட்டைகள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். பெண் கேட்கிற நேரமா அது? ஆறு நாளாக மழை விடவில்லை. முற்றத்துக் கொடிகள் வெறுமனே சொட்டிக்கொண்டு நின்றன. காயவைக்கும் அறையில் இடம் போதாமல் படுக்கை விரிப்புகள் மாடிப்படிக் கைப்பிடி வரைக்கும் தொங்கின. சலவைக்கூடத்தை நடத்துகிறவள், அங்கே வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் அக்கா, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம்."

"பிரஷர் இறங்கிடுச்சா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. உங்க தங்கச்சியக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவங்க சரின்னுட்டாங்க. உங்ககிட்டயும் கேக்கணும் இல்லையா, அதான்."

அக்காவுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. பதினேழா, பதினெட்டா?

அவளுடைய தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. காதோரம் நரைத்திருந்தது. ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். காலை ஏழு மணியிலிருந்து வந்த துணியைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. மருத்துவமனை, விடுதி, ஹோட்டல் என்று மூன்று குவியல். ரத்தக்கறை தனி, மஞ்சள்கறை தனி. பிற்பகலில் பெரிய உருளை இஸ்திரிக்கு மறுபக்கம் நின்று, சுடச்சுட வெளியே வருகிற விரிப்பை வாங்கி மடிப்பாள். பேசிக்கொண்டே மடிப்பாள். யார் கேட்கிறார்கள், கேட்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

பாய்லர்காரர் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"எப்போலேர்ந்து இது?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷமா முட்டை சாப்பிடறோம்."

"என்ன முட்டை?"

பாய்லர் அறையில் ஒரு வால்விலிருந்து கொதிநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் அடியில் ஒரு தகரக் குவளையை வைத்து இரண்டு முட்டை போட்டால் பதினோரு நிமிடத்தில் வெந்துவிடும். தினமும் பதினோரு மணிக்கு ஒன்று அவருக்கு, ஒன்று பாப்பாவுக்கு. உப்பு பாப்பா கொண்டுவருவாள். இந்தக் கணக்கை அவர் ரொம்ப மரியாதையாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மூட்டைகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு சூப். அக்காவின் கணவரை, பாப்பா மாமா என்று கூப்பிடுவதால், ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். பழுது பார்ப்பது அவர் வேலை. வாயைத் திறப்பது அபூர்வம். அன்றைக்கு ரொட்டியைச் சூப்பில் நனைத்தபடி மெதுவாகத் திறந்தார்.

"அந்த மனுஷன் நல்லவன்தானே?"

"நல்லவர்னு நானும் ஒத்துக்கறேன். இவளுக்கு அறிவு ஏழு வயசு. ஏழு வயசுப் பிள்ளையக் கட்டிக் குடுப்பாங்களா?"

"எனக்கு ஏழு வயசு இல்ல" என்றாள் பாப்பா. "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டல்ல? நான் ஏதாவது சொன்னேனா?"

மாமா சூப்பைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

பாப்பா எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் இருந்ததால், ஒரு நிபுணரை அழைத்து அவளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். அறுபத்தொன்று என்று வந்தது. சாதாரணமாக நூறு இருக்க வேண்டுமாம். அறுபத்தொன்று என்றால் ஐந்து வயதுப் பிள்ளையின் அறிவு, வளர்ந்தாலும் ஏழு வயதைத் தாண்டாது என்று தலைமையாசிரியை விளக்கினார். அப்போது அக்காவுக்கு வயது பத்தொன்பது. அம்மா இல்லை. அப்பா என்று ஒருவர் வீட்டில் இருந்ததே இல்லை. அந்த எண்ணைக் கையில் வாங்கிய நாளிலிருந்து, தங்கையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள். அதே தாளை வைத்துத்தான் பிற்பாடு பாப்பாவுக்குக் காப்பாளராக அக்காவின் பெயரைப் பதிந்தார்கள். காப்பாளர் கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு அலுவலகத்தில் பாப்பாவுக்குத் திருமணம் நடக்காது. இல்லையென்றால் புதிதாகச் சோதித்து ஒரு சான்று வாங்க வேண்டும்.

"அப்படின்னா இன்னொரு தடவை அளந்து பாத்துடலாமே" என்றார் மாமா. "நம்ம தராசே வருஷத்துக்கு ஒரு தடவை சரிபாக்கறோம். இது முப்பது வருஷமாச்சு."

அக்கா சம்மதித்தாள். சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அதே எண் திரும்ப வரும், பாய்லர்காரரிடம் காட்டிவிடலாம், அவரும் வருத்தப்படாமல் ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தாள்.

உளவியலாளரின் அறை மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். மழையில் நனைந்த காலுறைகளை ஹீட்டர்மேல் காயப் போட்டிருந்தாள். பாப்பா உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

"கம்பளிய அப்படிச் சூட்டுல போடாதீங்க. சுருங்கிடும். அப்புறம் குழந்தைக்குத்தான் போடலாம்."

உளவியலாளர் காலுறைகளை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். "டாக்டரம்மா" என்று அக்கா ஆரம்பித்ததும், "டாக்டர் இல்லீங்க, ஊசி போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்ன செய்யப்போகிறாள் என்பதைச் சொன்னாள். சொற்கள், கட்டைகள், படங்கள், எண்கள் என்று தனித்தனியாகப் பார்ப்பாளாம். ஒவ்வொன்றும் சுலபத்தில் ஆரம்பித்துக் கடினமாகிக்கொண்டே போகும். வரிசையாகச் சில தவறானால் அத்தோடு நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்களாம்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம். "அறிவுங்கறது ஒண்ணா, பலதா? ஒரே தண்ணித் தொட்டியா, இல்ல நாலு வாளியா?"

உளவியலாளர் அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். "எங்க ஆளுங்க நூறு வருஷத்துக்கு மேல அதுக்குத்தான் சண்டை போட்டுக்கறாங்க. ஒண்ணுல நல்லா செய்றவங்க பெரும்பாலும் மத்ததுலயும் ஓரளவு நல்லா செய்றாங்க. அதனால எல்லா வாளிக்கும் அடியில ஒரே குழாய்தான்னு ஒரு கட்சி. இல்ல, வாளியே வேற வேறன்னு இன்னொரு கட்சி."

"நீங்க எந்தக் கட்சி?"

"நான் வாளியையும் பாப்பேன், குழாயையும் பாப்பேன். முதல்ல உங்க மச்சினிய உள்ள அனுப்புங்க."

அக்காவும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு மெல்லிய பலகை. காதை வைக்காமலே பாதி கேட்டது.

"மழைக்கும் வெயிலுக்கும் என்ன ஒற்றுமை?"

"ரெண்டுல எது வந்தாலும் துணிய எங்க போடறதுன்னு யோசிக்கணும்."

உள்ளே உளவியலாளர் புத்தகத்தைப் புரட்டுவது கேட்டது.

"வேற ஏதாவது?"

"வேறன்னா... ரெண்டும் நம்மளக் கேட்டுட்டு வர்றதில்ல."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்தது எண்கள். சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண்வரை பாப்பா சொன்னாள். நான்கு வந்ததும் தடுமாறினாள்.

"ஏழு... ரெண்டு... போச்சு. வழுக்கி விழுந்துடுச்சு."

"பரவாயில்ல, இன்னொண்ணு பாக்கலாமா?"

"பாக்கலாம். அதுவும் விழும்." விழுந்தது. பாப்பா உரக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவைக் கலங்கடித்தது. தப்பாகச் சொன்ன பிள்ளை இப்படிச் சிரிக்குமா? அழத்தானே செய்யும்?

கட்டைகள் வந்தபோது உள்ளே பேச்சே இல்லை. டக், டக் என்று மேசையில் கட்டை வைக்கிற சத்தம் மட்டும். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கிப் படத்தில் இருப்பது போலவே கொண்டுவர வேண்டும். முக்கால் மணி கழித்து வெளியே வந்த பாப்பாவின் முகம் சிவந்திருந்தது. "அந்தக் கட்டை நல்லாருக்கு அக்கா. கடைசி ரெண்டு வரல. வீட்டுக்குக் குடுப்பாங்களான்னு கேட்டேன். மாட்டாங்களாம்."

மறுநாள் அக்காவின் முறை. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என்னை எதுக்குச் சோதிக்கணும்?"

"உங்களை இல்ல. கட்டையும் எண்ணும் ஒரு பாதிதான். ஒருத்தர் தினப்படி வாழ்க்கைய எப்படி நடத்தறாங்கங்கறது இன்னொரு பாதி. அதைக் கூட இருக்கறவங்ககிட்டதான் கேக்கணும். தானா செய்வாங்கன்னா ரெண்டு, சொன்னா செய்வாங்கன்னா ஒண்ணு, செய்ய முடியாதுன்னா சைபர். இந்தக் கடைசிக் கட்டம், செஞ்சு பாக்க வாய்ப்பே வரலைன்னா."

கேள்விகள் சுலபமானவை. ஏழு வயதுக்கு என்ன தெரியும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடுப்பு பத்த வைப்பாங்களா?"

"மாட்டா."

"முயற்சி பண்ணிச் சுட்டுக்கிட்டாங்களா?"

"நான் கிட்டயே விட்டதில்ல."

பேனா கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டது.

"தனியா கடைக்குப் போய் வேண்டியத வாங்கிட்டு வருவாங்களா?"

"நான் கூடப் போவேன்."

"அவங்க துணிய அவங்களே தேர்ந்தெடுப்பாங்களா?"

"நான்தான் எடுத்துத் தருவேன்."

"வீட்டுச் சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்கா?"

அக்காவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது. கோடு விழுந்தது. அவள் தாளை எட்டிப் பார்த்தாள். இரண்டு, ஒன்று, சைபர் எல்லாம் காலியாகக் கிடக்க, கடைசிக் கட்டம் மட்டும் மேலிருந்து கீழே வரைக்கும் நிரம்பிக்கொண்டு வந்தது. அது யாரைப் பற்றிய தாள் என்று அவளுக்கே குழம்பிற்று.

"வேற கேளுங்க" என்றாள்.

"அடுத்தவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா கவனிப்பாங்களா?"

"அதுல அவள மிஞ்ச ஆளில்ல. எனக்கு இடுப்பு வலின்னா எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். நான் எந்தக் கால ஊனி நிக்கறேன்னு பாத்தே சொல்லிடுவா."

"ரெண்டு. சண்டை வந்தா சமாதானம் பண்ணுவாங்களா?"

"கூடத்துல ஒன்பது பேர் இருக்காங்க. அவ இல்லன்னா அடிச்சுக்கிட்டே ஏழு பேர்தான் மிஞ்சுவாங்க."

"ரெண்டு. ரகசியம் காப்பாத்துவாங்களா?"

"ரகசியமா? அவளா? காலையில என்ன கனவு கண்டாங்கறதுலேர்ந்து..." என்று ஆரம்பித்த அக்கா நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு, எவ்வளவு அடக்கியும் அடங்காமல், சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியாம முட்டை சாப்பிட்டிருக்கா! என் மூக்குக்குக் கீழ! தினமும் என் உப்பு டப்பாலேர்ந்து உப்பு எடுத்துட்டுப் போய்! ரெண்டு போடுங்க. மூணு இருந்தா மூணு போடுங்க."

நான்காம் நாள் முடிவு சொன்னாள் உளவியலாளர். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாய்லர்காரர் உள்ளே வரமாட்டேன் என்று படிக்கட்டில் நின்றார்.

"எழுபத்தேழு" என்றாள். "ஆனா இந்த எண்ணை உயரம் மாதிரி நினைச்சுக்காதீங்க. இதே வயசுக்காரங்க ஆயிரம் பேரோட வரிசையில எங்க நிக்கறாங்கன்னு சொல்லுது, அவ்வளவுதான். இன்னொரு நாள் பாத்தா நாலஞ்சு ஏறலாம், இறங்கலாம். அதனால எழுபத்திரண்டுலேர்ந்து எண்பத்திரண்டுக்குள்ளன்னு எழுதியிருக்கேன். எண்கள்ல திணறுறாங்க. கட்டையில எல்லாரையும் போலத்தான். புதுசா ஒண்ணு கத்துக்க மத்தவங்களவிட நேரம் வேணும். ஆனா கத்துப்பாங்க. கல்யாணம்னா என்ன, வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது அவங்களுக்குத் தெளிவாத் தெரியும். அதையும் எழுதியிருக்கேன்."

"பாஸா?" என்றாள் பாப்பா.

"இதுல பாஸ் கிடையாது."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் உக்காந்தோம்?"

அக்கா அந்தப் பழைய உறையை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்ப அன்னைக்கு ஏன் அறுபத்தொண்ணு வந்துச்சு? நடுவுல அறிவு வளந்துடுச்சா?"

உளவியலாளர் உறையை வாங்கிப் பிரித்தாள். முதல் பக்கத்தில் எண் இருந்தது. முப்பது வருடமாக அக்கா பார்த்ததெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான். பின்னால் இன்னொரு தாள், நெருக்கமான தட்டச்சில், முதல் தாளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை மெதுவாகப் பிரித்து வாசித்தாள். "பெரும்பாலான கேள்விகளுக்குக் குழந்தை பதில் சொல்லவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. ஓராண்டுக்குப் பின் மறுபடியும் சோதித்துப் பார்ப்பது நல்லது."

மாமா அந்தத் தாளை வாங்கி, வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை வாசித்தார்.

"தெரியாததுக்கும் சைபர்தான் போடுவோம், வாய் திறக்காததுக்கும் சைபர்தான் போடுவோம்" என்றாள் உளவியலாளர். "ரெண்டும் கூட்டல்ல ஒண்ணாப் போயிடும். அதனாலதான் இந்தப் பக்கத்த எழுதறதே."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "ஓராண்டுக்குப் பின்னன்னு போட்டிருக்காங்களே. எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டலையே. நானும் திருப்பிப் பாக்கலையே."

"அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய ஒருத்தர் ஏணில நின்னு பெயின்ட் அடிச்சிட்டு இருந்தார்" என்றாள் பாப்பா திடீரென்று.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏணி ஆடிட்டே இருந்துச்சு. கீழ பிடிக்க யாருமில்ல. விழுந்துடுவாரோன்னு பாத்துட்டே இருந்தேன். அந்த சார் இடையில என்னென்னமோ கேட்டார். நான் திரும்பினா அவர் விழுந்துடுவார்னு தோணுச்சு."

"விழுந்தாரா?" என்றார் மாமா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இல்ல. மத்தியானம் இறங்கிச் சாப்பிடப் போனார்."

முதலில் சிரித்தது உளவியலாளர்தான். அவள் வேலைக்கு அது முறையா என்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். அப்புறம் மாமா. அக்கா அழுதுகொண்டே சிரித்து, கைக்கு வந்த துண்டில் மூக்கைத் துடைத்தாள்.

"அது ஹோட்டல் டவல்!" என்று பாப்பா அதட்டினாள். "எதுக்குப் பையில எடுத்துட்டு வந்த? இப்ப மறுபடி வெளுக்கணும்."

படிக்கட்டில் நின்ற பாய்லர்காரருக்கு இந்தச் சிரிப்பு நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியவில்லை. அக்கா கதவைத் திறந்து வெளியே போனாள். அவருக்கு எதிரில் ஒரு படி மேலே நின்றாள்.

"அவளுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நீங்க பத்த வைக்கறதுக்கா சொல்றேன்? அவளுக்குச் சொல்லிக் குடுங்க. அவசரப்படுத்தாதீங்க. ஒரு தடவைக்கு நாலு தடவை காட்டுங்க. கையச் சுட்டுக்கிட்டான்னா எங்கிட்ட சொல்லுங்க, ஆனா அதுக்காக நிறுத்திடாதீங்க."

"சரிங்க அக்கா."

"இன்னொண்ணு. அவ பேசிட்டே இருப்பா."

"அதுக்குத்தானே கேட்டேன்" என்றார் அவர்.

பதிவு அலுவலகத்தில் பாப்பா தன் பெயரை எழுத ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். பின்னால் காத்திருந்தவர்கள் கனைத்தார்கள். அக்கா திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், கனைப்பு நின்றது. நீலப் புள்ளி போட்ட உடை, பாப்பாவே கடைக்குப் போய் எடுத்தது. அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. மாற்றச் சொன்னதற்கு, "சாப்பாடு இருக்குல்ல, உள்ள போட இடம் வேணும்" என்றாள். கூடத்தின் ஒன்பது பேரும் அன்று மடிப்பு மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, வெள்ளை விரிப்புப் போட்டு, கோழியும் ரொட்டியும் கேக்குமாகச் சாப்பிட்டார்கள். கழுவப் போட்ட விரிப்பில் சாஸ் கறையைப் பார்த்துவிட்டு, இதை எந்தக் குவியலில் போடுவது என்று கல்யாணப் பெண்ணே யோசித்துக்கொண்டு நின்றாள்.

பாய்லர்காரரின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். நீராவி ஏற்றுவதற்கு அவர் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். அதனால் அடுத்த திங்கட்கிழமை, பாப்பா முதல்முறையாகத் தனியாக வேலைக்கு வருவதாக ஏற்பாடு. எந்த பஸ், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை கூடவே போய்க் காட்டியிருந்தார்.

ஏழு மணிக்கு அவள் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. அக்கா பாப்பாவின் இடத்தில் நின்று துணி பிரித்தாள். மருத்துவமனை விரிப்பு இரண்டை ஹோட்டல் குவியலில் போட்டு, மாமா எடுத்து மாற்றினார். ஒன்பது மணிக்குப் பாய்லர்காரர் வெளியே வந்து வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார்.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா அக்கா?"

அக்காவின் கால் செருப்பைத் தேடிப் போனது. போன காலை இழுத்துக்கொண்டாள். "பத்தரை வரைக்கும் பாக்கலாம்" என்றாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மழை விட்டு அன்றுதான் முதல் வெயில். முற்றத்தில் கொடி கொடியாக விரிப்புகள் காற்றில் உப்பி நின்றன. பத்தேகாலுக்கு அந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து பாப்பா வந்தாள். கையில் செருப்பு. உடையின் ஓரம் முழங்கால் வரை ஈரம். கால் விரலிடுக்கில் மணல்.

"எங்கடி போன?"

"தப்பு பஸ்ல ஏறிட்டேன் அக்கா. நம்பர் ஒண்ணுதான் மாறிப்போச்சு. ஏறினேனா, உக்காந்தேனா, வெளிய பாத்தேனா, ஆறு வரவே இல்ல. கடைசியில எல்லாரும் இறங்கினாங்க. நானும் இறங்கினேன். பாத்தா கடல்!"

"கடலா?"

"கடல். இவ்ளோ பெருசு. அங்கயே போய் நிக்குது அந்த பஸ். யாருமே இல்ல. சரி வந்தது வந்தாச்சுன்னு கால நனைச்சேன்."

"பயமா இல்லையா? எப்படித் திரும்பி வந்த?"

"கேட்டேன். ஒருத்தர் தப்பா சொன்னார். அப்புறம் ஒரு அம்மா சரியா சொன்னாங்க. கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ரொம்ப நல்லாருந்துச்சு." துணிக் குவியல்களைப் பார்த்தாள். "யாரு இப்படிப் பிரிச்சது? எல்லாம் கலந்து கிடக்கு."

பாய்லர்காரர் ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு முட்டை வைக்கப் போனார். மாமா மணல் படிந்த அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குத் திட்டுவதற்கு ஒரு மூட்டைச் சொற்கள் தொண்டை வரை வந்திருந்தன. அவள் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். கூடம், வீடு, கடை. கடை, வீடு, கூடம். கடல் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

குனிந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். பாப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த நம்பர் பஸ்டி அது?" என்று கேட்டாள் அக்கா.